குடுவைக் கன்றும் கூட்டுப் பொறுப்பும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் மொழி. நெல்லுக்கும் பருத்திக்கும் இது முற்றும் பொருந்தும். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையிலே பிறந்து வரும் வாழைக்கன்றுக்கோ இம்மொழி அப்படியே பொருந்துவதில்லை. குடுவைக்குள்ளே பச்சைப் பசேலென ஒரு குறையுமின்றி நிற்கும் கன்று, வெளியே எடுத்து வெயிலில் வைத்த அரை நாளில் துவண்டு, மூன்றாம் நாளில் மடிந்து போதலும் உண்டு. அஃது அக்கன்றின் பிறவிக் குற்றமன்று. வெளியுலகிற்கு அதனைச் சிறிது சிறிதாகப் பழக்காமையே குற்றம்.

அவ்வாறு பழக்குகின்ற பொறுப்பைத் தனித்தனிக் குடியானவர் தலையில் சுமத்தாமல், நம் போன்ற கூட்டுறவுச் சங்கங்கள் தாமே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. அதற்குரிய காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

இன்று ஏன் இந்தப் பேச்சு?

தாமிரபரணியின் எட்டாவதும் கடைசியுமான அணைக்கட்டு நம் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கின்றது. வடகாலும் தென்காலும் பாயும் நிலங்களில் நெல்லோடு வாழையும் நம் மக்களின் வாழ்வாக விளங்கி வருகின்றது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற இரயில் வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளுடன் நம் ஊர் நிலையத்திலேயே நின்றுவிட்டது. ஆற்றோரத்து வாழைத் தோட்டங்கள் பல நீரில் மூழ்கின.

வாழைத் தோட்டம் அழியும்போது குலை மட்டும் அழிவதில்லை. அடுத்த நடவுக்கு வேண்டிய பக்கக் கன்றுகளும் அதனுடன் அழிகின்றன. நெல்லுக்கு விதைக்கோட்டை வீட்டில் இருக்கும். வாழைக்கு விதை தோட்டத்திலேயே நிற்கின்றது. ஆதலின், வெள்ளத்திற்குப் பின் எங்கிருந்தோ வரும் கன்றை, அதன் தாய்த் தோட்டம் எது, அங்கே என்ன நோய் இருந்தது என்று விசாரிக்க நேரமின்றி வாங்கி நடும் நிலை ஏற்படுகின்றது. அவசரத்தில் வாங்கிய கன்றோடு கிழங்குக் கூன்வண்டும், வேரைத் தின்னும் நூற்புழுவும், கண்ணுக்குத் தெரியாத நச்சுயிரியும் ஊருக்குள் வந்து சேரக்கூடும்.

நோய் எத்துணை நாசம் விளைக்கும் என்பதற்குக் கீழ்ப்பழநி மலையே சான்று. விருப்பாட்சி மலைவாழை ஒரு காலத்தில் அங்கே சுமார் 18,000 ஹெக்டேரில் விளைந்தது. முடிக்கொத்து நோய் பரவியபின், 1970-களில் அது 2,000 ஹெக்டேராகச் சுருங்கிற்று. அசுவினிப் பூச்சி நோயைச் செடிக்குச் செடி கொண்டு சென்றது. நோய்ப்பட்ட பக்கக் கன்றோ தோட்டத்திற்குத் தோட்டம் கொண்டு சென்றது. பின்னர், நோய் அற்றதெனச் சோதித்தறிந்த திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டே அவ்வாழைக்குப் புத்துயிர் ஊட்ட முயற்சி எடுக்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் விருப்பாட்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலைக்காரர்கள் பெரும் நட்டத்திற்குப் பின் கற்ற பாடத்தை ஆற்றங்கரைக்காரராகிய நாம் நட்டமின்றியே கற்றுக்கொள்ளலாம்.

குடுவைக் கன்று பிறந்த வரலாறு

குடுவையில் கன்று வளர்க்கும் கலை முதன்முதலில் வாழைக்காக எழுந்ததன்று. அதற்கு வழி திறந்தவற்றுள் ஆர்க்கிட் என்னும் மலர்ச்செடி தலையாயது. ஆர்க்கிட்டின் ஒரு காயில் இலட்சக்கணக்கான விதைகள் உண்டு. ஆயினும் அவை தூசு போன்றவை. முளைப்பதற்கு வேண்டிய உணவு அவற்றினுள் இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சாணம் வந்து ஊட்டினாலன்றி அவை முளையா. 1922-இல் அமெரிக்கத் தாவர அறிஞர் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் சேர்ந்த கூழில் கிருமி புகாமல் அவ்விதைகளை முளைக்கச் செய்து காட்டினார். 1960-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் மொரேல், ஆர்க்கிட்டின் நுனிக்குருத்திலிருந்து ஒரு துளியை எடுத்து வளர்த்து, நச்சுயிரி நீங்கிய செடிகளைப் பெறும் வழியைக் கண்டார். 1962-இல் முராசிகே, ஸ்கூக் என்னும் இருவர் வகுத்த ஊட்டக்கூழ் இன்றும் உலக முழுவதும் ஆய்வுக்கூடங்களில் வழங்கி வருகின்றது. இவ்வழியிலேதான் வாழையும் குடுவைக்குள் புகுந்தது. திருச்சிராப்பள்ளியில் 1993-இல் தோன்றிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இத்துறையில் நம் நாட்டிற்குத் துணையாய் நிற்கின்றது.

கூழை உறைய வைக்கும் அகர் என்னும் பொருள் நமக்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி போன்ற கடற்பாசிகளிலிருந்து செய்யப்படுவதே அது.

கன்றின் இயல்பு

குடுவைக்குள் கன்றுக்கு ஒரு கவலையும் இல்லை. காற்றில் ஈரம் நிறைந்திருக்கின்றது. வெளிச்சம் மிதமானது. உணவோ சர்க்கரையாகக் காலடியில் கிடைக்கின்றது. நன்மை செய்வதாயினும் தீமை செய்வதாயினும் ஒரு நுண்ணுயிரும் அங்கே இல்லை. இவ்வாறு வளர்ந்தமையால், இலையின் மேல் நீரைக் காக்கும் மெழுகுப் படலம் போதிய அளவு படர்வதில்லை. இலைத்துளைகள் வறட்சி கண்டு மூடிக்கொள்ளப் பழகியிருப்பதில்லை. கூழில் விட்ட வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் திறன் குறைந்தது. ஆக, வெளியே வந்த கன்று மேலே நீரை இழக்கின்றது. கீழே நீரைப் பெற மாட்டாது தவிக்கின்றது.

நெசவாள அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வாங்கி வந்த நூலை அப்படியே தறியில் ஏற்றுவார் உண்டோ? தெருவிலே பாவு விரித்து, கஞ்சி தோய்த்து, ஆற்றிய பின்னரே தறிக்குக் கொண்டு போகிறோம். கஞ்சி ஏறாத இழை பிசிறி அறுந்து போகும். நூல் நல்ல நூல்தான்; அச்சும் விழுதும் தரும் உராய்வைத் தாங்க அதனைப் பக்குவப்படுத்தவில்லை என்பதே குறை. குடுவைக் கன்றின் கதையும் இதுவே.

முதற் பக்குவம்

குடுவையிலிருந்து எடுத்த கன்றின் வேரில் ஒட்டிய கூழை நல்ல நீரில் மெல்லக் கழுவி முழுவதும் நீக்க வேண்டும். கூழில் சர்க்கரை உண்டாதலால், சிறிது தங்கினும் பூஞ்சாணம் பற்றி வேர் அழுகும். கழுவிய கன்றைப் பூஞ்சாணக் கொல்லியில், சீட்டில் கண்ட அளவின்படி, நனைத்தெடுத்தல் நன்று. பின்னர், கிருமி நீக்கிய தென்னைநார்க் கழிவும் மணலும் நிரப்பிய குழித்தட்டுகளில் நட வேண்டும். தட்டுகளைப் பாலித்தீன் கூடாரத்துள் வைத்து, நுண்ணிய நீர்த்தூவலால் காற்றின் ஈரத்தை நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குக் குறையாமல் முதல் வாரம் காக்க வேண்டும்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்வர். காற்றில் ஈரம் வேண்டும் என்பதை வேரில் தண்ணீர் வேண்டும் என்று கொண்டு, தட்டிலே நீரை ஊற்றிச் சேறாக்கி விடுவர். இலைக்கு ஈரமும் வேருக்குக் காற்றும் வேண்டும் என்பதே விதி. இரண்டாம் வாரம் முதல் கூடாரத்தை நாளுக்குச் சிறிது நேரம் திறந்து வைத்து, அந்நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டிவர வேண்டும். புதிய இலை விரியும் வரை உரம் தருதல் ஆகாது. குடுவையில் விட்ட பழைய இலை காய்ந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. வெளியே வந்தபின் விடும் புதிய இலையே கன்றின் பிழைப்பைச் சொல்லும். இந்நிலை 4 முதல் 6 வாரம் வரை நீடிக்கும்.

இரண்டாம் பக்குவம்

அடுத்து, செம்மண், மணல், நன்கு மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவில் கலந்து நிரப்பிய பாலித்தீன் பைகளுக்குக் கன்றை மாற்ற வேண்டும். வெயிலில் பாதியைத் தடுக்கும் நிழல்வலையின் கீழ் இன்னும் 5, 6 வாரம் வளர்க்க வேண்டும். குடுவையில் துணை நுண்ணுயிர்களைக் காணாத கன்றாதலின், டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், வேர் உட்பூசணம் ஆகியவற்றை இப்போது மண்ணில் சேர்த்தால், வாடல் நோய்க்கு எதிராக நிற்கும் வலிமை கூடும். ஆர்க்கிட் விதைக்குப் பூஞ்சாணம் துணை என்று மேலே கண்டோம். வாழை வேருக்கும் அத்தகைய துணை உண்டு.

இக்காலத்தில் கன்றுகளைத் தரம் பிரித்தல் இன்றியமையாதது. இலையில் வெள்ளை வரி படர்ந்தவை, தேமல் கண்டவை, இலை குறுகித் தடித்தவை, மற்றவற்றைவிட மிகக் குட்டையாய் நிற்பவை ஆகியவற்றை இரக்கமின்றி நீக்க வேண்டும். கிராண்ட் நைன் இளங்கன்றின் இலையில் காணும் கருஞ்சிவப்புத் திட்டுகள் நோயல்ல. வளர வளர அவை மறையும். முப்பது சென்டிமீட்டர் உயரமும், ஐந்தாறு நல்ல இலைகளும், 5 முதல் 6 சென்டிமீட்டர் தண்டுச் சுற்றளவும், பையை நிறைத்த வெள்ளை வேர்களும் உடைய கன்றே வயலுக்கு உரியது. கடைசி வாரத்தில் நிழலைக் குறைத்து முழு வெயிலுக்குப் பழக்கிய பின்பே அதனை அனுப்ப வேண்டும்.

நம் வெயிலும் நம் நீரும்

வெளியூர்க் குறிப்பேட்டில் கண்ட முறையை அப்படியே இங்கே கைக்கொள்ளுதல் போதாது. தூத்துக்குடிக் கடற்கரையில் உப்பு விளைவது ஏன்? நீரை விரைந்து வற்றச் செய்யும் வெயிலும் காற்றும் இங்கே இருப்பதனாலன்றோ? உப்பளத்துக்கு வாழ்வளிக்கும் அவ்வெயிலே குடுவைக் கன்றுக்கு எமனாகும். மேலும், "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பார்கள். அம்மி பறக்கும் காற்றில் மெழுகற்ற இலை என்ன செய்யும்? நம் பக்கத்தில் கொட்டிலுக்கு மேலே வலை இருந்தால் மட்டும் போதாது. காற்று வீசும் திசையிலும் பனையோலைத் தட்டியோ வலையோ கட்டுதல் அவசியம்.

நீரும் அவ்வாறே. கடலை நெருங்க நெருங்கக் கிணற்று நீரில் உப்புச் சுவை ஏறுகின்றது. வாழை உப்பைப் பொறுக்காத பயிர். இளங்கன்றோ சிறிதும் பொறுக்காது. கால்வாயில் நீர் நிற்கும் மாதங்களில் பின்வரும் நாட்களுக்கு நல்ல நீரைத் தொட்டியில் சேமித்து வைத்தல் வேண்டும். வயலில் நடும்போதும், மாலை வேளையில், பையைக் கிழித்து மண்கட்டி உடையாமல் நட்டு, மேற்குப் பக்கம் சில நாள் பனையோலை மறைப்பு வைப்பது நலம். இளந்தோட்டத்தில் வெள்ளரி, பூசணி முதலிய கொடிகளை ஊடுபயிராக்குதல் கூடாது. அவற்றினின்று அசுவினி வாயிலாகத் தேமல் நோய் வாழைக்குத் தாவும்.

ஆட்சேபங்களும் விடைகளும்

"பக்கக் கன்று நம் தோட்டத்திலேயே சும்மா கிடைக்க, காசு கொடுத்துக் குடுவைக் கன்று எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நோயற்ற தோட்டமும், நன்கு தேர்ந்தெடுத்த ஈட்டி இலைக் கன்றும் உள்ளவரை அவர்கள் கூறுவது நியாயமே. ஏத்தன், நாடு, சக்கை, கோழிக்கூடு முதலிய நம் பக்கத்து வாழைகளைத் தோட்டத்தில் பேணிக் காப்பவர்க்கு நாம் நன்றி செலுத்த வேண்டும். ஆயின், கன்று அழிந்தவர்க்கும் நோய் கண்டவர்க்கும் சும்மா கிடைக்கும் கன்று இல்லை. அவர்கள் வெளியே வாங்கத்தான் வேண்டும். வாங்குவதை நல்லதாய் வாங்குக என்பதே நம் வேண்டுகோள்.

"குடுவைக் கன்று என்றாலே நோயற்றதுதானே?" என்பது மற்றொரு எண்ணம். இதுவும் சரியன்று. தாய்ச் செடி நச்சுயிரி உடையதாயின், அதிலிருந்து பெருகும் ஆயிரம் கன்றும் அதனை உடையனவாகும். இது கருதியே மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குத் தேசியச் சான்றளிப்பு முறையை நடத்தி வருகின்றது. அச்சான்று பெற்ற தொகுதியா என்று பார்த்தே வாங்க வேண்டும். தனி ஒருவர் இருநூறு கன்று வாங்கும்போது சான்றைக் கேட்டால் விற்பவர் முகம் சுளிக்கலாம். சங்கம் நாலாயிரம் கன்றுக்குக் கேட்டால், காட்டித்தான் ஆக வேண்டும்.

"பக்குவமான கன்றையே விலைக்கு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை எதற்கு?" என்பர் சிலர். முழுப் பக்குவம் அடைந்த கன்று பையும் மண்ணுமாய்ப் பாரம் மிக்கது. நெடுந்தூரம் லாரியில் குலுங்கி வரும்போது மண்கட்டி உடைந்து வேர் அறும். முதற் பக்குவம் முடிந்த சிறு கன்றோ தட்டில் அடங்கி எளிதில் வரும். அன்றியும், வேற்றூர் நிழலில் பழகிய கன்று நம் வெயிலுக்கும் காற்றுக்கும் பழகியதாகாது. கடைசிப் பக்குவம் நடும் ஊரிலேயே நடைபெறுதல் சாலச் சிறந்தது.

சங்கம் செய்யத்தக்கது

ஆய்வுக்கூடம் கட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது பெரும் பொருளும் தேர்ந்த ஆளும் வேண்டும் தொழில். நாம் வேண்டுவது ஒரு நிழல்வலைக் கொட்டில். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள கொட்டிலில், நடைபாதை போக, சுமார் 4,000 பைகளை இலை ஒன்றோடொன்று நெருக்காமல் வைக்கலாம். ஏக்கருக்கு ஏறத்தாழ 1,200 கன்று என்று கொண்டால், ஒரு தடவையில் மூன்று ஏக்கருக்கு மேல் கன்று கிடைக்கும். தடவை ஒன்றுக்கு 6 வாரமே ஆதலால், ஆண்டில் பலமுறை நிரப்பலாம்.

முதல் ஆண்டில், முதற் பக்குவம் முடிந்த கன்றுகளைச் சான்றுடன் வாங்கி, இரண்டாம் பக்குவத்தை மட்டும் நாமே செய்வோம். கை தேர்ந்தபின், சிறு எண்ணிக்கையில் குடுவைக் கன்றையே வாங்கி முதற் பக்குவமும் செய்து பார்க்கலாம். நம் மாவட்டத்துக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி அருகிலேயே இருக்க, கற்றுக்கொள்வதற்குத் தடை என்ன?

மூன்று கட்டுப்பாடுகளைப் பொதுக்குழு விதிக்க வேண்டும். நாள்தோறும் கொட்டிலைப் பார்க்கச் சம்பளத்திற்கு ஒருவரை நியமிக்க வேண்டும். "எல்லோரும் பார்ப்போம்" என்றால் ஒருவரும் பாரார். கன்று வந்த நாள், சான்றின் எண், மடிந்தவை, நீக்கியவை, எடுத்துச் சென்ற அங்கத்தினர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, அதனை எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். தரம் குறைந்த கன்றை நிர்வாகக் குழுவினருக்கு உறவினர் கேட்டாலும் வெளியே அனுப்பக் கூடாது.

தனி ஆளாய்ச் செய்தால் என்ன நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர்க்காரர் 1,200 கன்றைத் தம் வீட்டு மரநிழலில் வைத்துக் காக்கிறார். ஒரு கலியாணத்திற்கோ மருத்துவமனைக்கோ இரண்டு நாள் போய்விட்டால் போதும். பத்தில் ஒரு பங்கு மடிந்தால் 120 குழி வெற்றிடமாகும். பின்னர் நட்டு நிரப்பும் கன்று, முன்னது தரும் நிழலில் பின்தங்கி, குலை தள்ளும் காலமும் பிசகும். ஒரே சமயத்தில் வெட்டி விற்கும் ஆதாயம் போயிற்று. கொட்டிலில் ஒருவரது காவல் பலரது கன்றையும் காக்கும்.

ஆர்க்கிட் வளர்ப்போரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குடுவையிலிருந்து எடுத்த சிறு கன்றுகளை ஆளுக்கொரு தொட்டியில் நடாமல், பலவற்றை ஒரே தொட்டியில் சேர்த்து நடுவார்கள். சிறு தொட்டி விரைவில் காயும். கூட்டுத் தொட்டியில் ஈரம் சமமாய் நிற்கும். கன்றுகள் ஒன்றையொன்று காத்து வளர்ந்த பிறகே அவற்றைப் பிரிப்பார்கள். கூட்டுறவுக்கு இதனினும் நல்ல உவமை வேண்டுமோ?

நம் கடற்கரையே இன்னொரு சான்று தருகின்றது. தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர்; 1981-இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் பிறப்பித்தனர். தொட்டியில் பிறந்த அக்குஞ்சுகளையும் நேரே கடலில் வீசிவிடுவதில்லை. நுண்வலைக் கூட்டில் வைத்து, பகைக்குத் தப்பும் பருவம் வரை வளர்க்கிறார்கள். காக்கப்பட்ட இடத்தில் பிறந்த எவ்வுயிர்க்கும் இடைக்காலப் பாதுகாப்பு வேண்டும் என்பது கடலுக்கும் வயலுக்கும் பொதுவான உண்மை.

நூலும் சந்தையும் தனி நெசவாளியின் கைக்கு எட்டாதிருந்தமையால் அன்றோ 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது? தறி அவரவர் வீட்டில் இருக்கலாம். நூலும் விற்பனையும் கூட்டாக இருக்க வேண்டும் என்று நெசவாளர் கண்டனர். அதுபோல், வயல் அவரவருடையதாக இருக்கட்டும். கன்று பக்குவமாகும் கொட்டில் எல்லோருடையதாக இருக்கட்டும்.

வெள்ளம் இனி வாராது என்று எவரும் உறுதி கூற முடியாது. வந்தால், மறு நடவுக்கு நம் ஊரிலேயே, நம் வெயிலுக்குப் பழகிய, நோயற்ற கன்று ஆயத்தமாய் இருக்கும் என்று உறுதி கூறுவது நம் கையில் இருக்கின்றது. கொட்டில் மேட்டு நிலத்தில் அமைய வேண்டும் என்பதையும் அதனுடன் மறவாதிருப்போமாக. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆராய்ந்து, இடமும் பொருளும் ஆளும் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றி, ஆவன செய்வார்களாக.